கதையாகச் சொல்லாதீர்கள்

புத்தகம் எழுத வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவருக்குத் தமிழில் இன்று எங்கே போனாலும் ஒரே யோசனைதான் கிடைக்கிறது: ‘கதை மாதிரி சொல்லுங்கள்.’ எழுத்துப் பயிலரங்கில் இதைத்தான் சொல்கிறார்கள். பதிப்பாசிரியர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். புத்தகக் காட்சி மேடையில் பேசுகிறவர் இதைச் சொன்னதும் கைதட்டல் விழுகிறது. சோழர் வரலாறு எழுதப்போகிறீர்களா, சரித்திர நாவல் போலத் தொடங்குங்கள். ஒரு தொழிலதிபரின் வாழ்க்கையா, சினிமா மாதிரி ஓட வேண்டும். ஏரிகள் அழிந்ததைப் பற்றியா, முதல் பக்கத்தில் ஒரு விவசாயி வரப்பில் நின்று வானத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த யோசனை தவறானது. அளவோடு பின்பற்றினால் நன்மை உண்டு என்று சமாதானம் சொல்லவும் எனக்கு மனமில்லை. முதல் அபுனைவு நூலை எழுத உட்காரும் ஒருவருக்குச் சொல்லப்படும் யோசனைகளில் அதிகக் கெடுதல் செய்வது இதுதான். எழுதுகிறவரை இது பொய்க்குப் பழக்குகிறது. எதைப் பற்றியெல்லாம் எழுதலாம் என்பதையே குறுக்கிவிடுகிறது. உழைப்பைப் போட வேண்டிய இடத்திலிருந்து அவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

எதிர்த்தரப்புக்கு மூன்று வாதங்கள் உண்டு. ஒன்று, தமிழில் ஆய்வு நூல்கள் படிக்க முடியாதபடி வறண்டு கிடக்கின்றன. வாசகர் பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார். இரண்டு, உலகத்தின் சிறந்த அபுனைவு நூல்கள் நாவலைப் போலத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மூன்று, கதை விற்கும். மற்றது கிடங்கில் தூங்கும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்த யோசனை இத்தனை நாள் கேட்பாரின்றி நடமாடுகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வறட்சியைப் பற்றிய புகார் நியாயமானது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை அப்படியே அச்சேற்றிய புத்தகங்கள் பலவற்றில் மூச்சு முட்டும். ஆனால் அவை கதை இல்லாததால் வறண்டு போகவில்லை. அவற்றை எழுதியவருக்குத் தான் எதைத் தேடிப் போனோம் என்பது தெரியாது, அதனால்தான் வறண்டன. இயல் ஒன்றில் ‘அமைவிடமும் வரலாறும்’, இயல் இரண்டில் ‘மக்களும் தொழில்களும்’ என்று கிடைத்த தகவலையெல்லாம் மூட்டை கட்டி அடுக்கியிருப்பார். அந்த மூட்டைகளுக்கு முன்னால் ஒரு கதையைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் நான்கு பக்கம் ஓடும். ஐந்தாம் பக்கத்தில் அதே மூட்டை காத்திருக்கும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் நம்மிடமே இருக்கிறது. தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. ஆய்வேட்டின் கட்டுமானத்தை அவர் மறைக்கவே இல்லை. கோயிலுக்கும் கள்ளருக்கும் உள்ள உறவு, இடையருக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு, வலையருக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு என்று ஒழுங்காகப் பகுத்துக்கொண்டு போகிறார். ஆனாலும் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காத வாசகர்கள் அதைத் தேடிப் படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். காரணம் எளிது. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அழகர், நேரத்துக்கு வந்து சேர முடியாமல் கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போனார் என்ற கதை மதுரைக்காரர் எல்லாருக்கும் தெரியும். தொ.ப. அந்தக் கதையைத் திரும்பச் சொல்வதோடு நிற்கவில்லை. ஒரு பெருமாள் ஏன் கள்ளர் வேடம் போட்டுக்கொண்டு வருகிறார்? இந்தக் கோயிலைத் தங்களுடையது என்று எந்தெந்த மக்கள், எந்த உரிமையில் நினைக்கிறார்கள்? இப்படிக் கேட்டார். கதை முடிந்த இடத்தில் அவருடைய புத்தகம் தொடங்குகிறது. வாசகரைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கேள்விதான்.

புத்தகத்தைக் கீழே வைக்கவிடாமல் செய்வது விடை தெரியாத நிலை. அதைக் கதையாலும் உண்டாக்கலாம், நல்ல கேள்வியாலும் உண்டாக்கலாம். கேள்வி கைவசம் இருப்பவருக்குக் கதையை இரவல் வாங்க வேண்டிய தேவை இல்லை. கேள்வி இல்லாதவர் கதையை வாங்கி வைத்துக்கொண்டு அந்தக் குறையை மூடுகிறார். ‘கதை மாதிரி எழுதுங்கள்’ என்ற யோசனை, ‘உங்கள் கேள்வி என்ன?’ என்று கேட்க வேண்டிய பதிப்பாசிரியரின் சோம்பலில் பிறந்தது.

இரண்டாவது வாதத்துக்குப் போகும் முன், பொய்யைப் பற்றி. இது கடுமையான குற்றச்சாட்டு என்பது தெரிந்தே சொல்கிறேன். தமிழில் வரும் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வாக்கியம் ஏதாவதொரு வடிவத்தில் தட்டுப்பட்டுவிடும்: ‘அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.’ அதை எழுதியவரிடம் ‘உங்களுக்கு யார் சொன்னது?’ என்று கேட்டுப் பாருங்கள். தலைவர் எழுதிய கடிதத்தில் அப்படி இருக்கிறதா? அவர் மனைவி சொன்னாரா? நாட்குறிப்பு இருக்கிறதா? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மறுநாள் பெரிய முடிவெடுத்திருக்கிறார், ஆகவே முந்தைய இரவு தூங்கியிருக்க மாட்டார் என்று எழுதுகிறவர் ஊகித்துக்கொண்டார். உண்மையில் அவர் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கலாம்.

அந்த வாக்கியத்தை எழுதியவர் பொய்யர் அல்ல. கதை அவரை அதற்குத் தள்ளியது. நாம் எழுதப் போகும் எந்த மனிதரைப் பற்றியும் நமக்குக் கிடைப்பது துண்டுதுண்டான சாட்சியங்கள்தான். மார்ச் மாதத்தில் ஒரு கடிதம் இருக்கும். அடுத்தது செப்டம்பரில் இருக்கும். இடையில் என்ன நடந்தது என்பதற்கு எந்தச் சான்றும் இருக்காது. ஆராய்ச்சி அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும். கதை தாங்காது. அதற்கு ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் பாலம் வேண்டும். முகபாவம், மழை, வசனம் எல்லாம் வேண்டும். ஆதாரம் இல்லாதபோது அவற்றைக் கொடுப்பதற்குக் கற்பனையை விட்டால் வேறு வழி கிடையாது. முதல் முறை தயக்கமாக இருக்கும். பத்தாவது பக்கத்தில் பழகிப்போகும்.

உலகத்தின் சிறந்த நூல்கள் என்று எதிர்த்தரப்பு முதலில் எடுத்துவைப்பது ட்ரூமன் கபோட்டியின் ‘இன் கோல்ட் பிளட்’. 1959இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்ற சிற்றூரில் ஒரு குடும்பத்தின் நான்கு பேர் கொல்லப்பட்ட வழக்கு. 1965இல் ‘நியூயார்க்கர்’ இதழில் தொடராக வந்து, 1966இல் புத்தகமானது. எழுதியது அத்தனையும் உண்மை என்று கபோட்டி மார்தட்டினார். புத்தகம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் முடிகிறது. வழக்கைத் துப்பறிந்த ஆல்வின் டூயி, கொலையுண்ட சிறுமியின் தோழியை அங்கே தற்செயலாகச் சந்திக்கிறார். உருக்கமான காட்சி. அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை. கபோட்டியின் வாழ்க்கையை எழுதிய ஜெரால்ட் கிளார்க் 1988இல் அதைப் பதிவுசெய்தார். கபோட்டி அதை ஏன் இட்டுக்கட்டினார்? உண்மையான வழக்கு தூக்குமேடையில் முடிந்தது. கதைக்கு அந்த முடிவு போதவில்லை. கொஞ்சம் ஆறுதல் தேவைப்பட்டது. நாவலாசிரியராகப் பழகிய கை அதைக் கொடுத்துவிட்டது. அவ்வளவு பெரிய திறமைசாலியைச் சறுக்க வைத்த பாதையைத்தான் முதல் புத்தகம் எழுதுகிறவருக்கு நாம் ராஜபாட்டை என்று காட்டுகிறோம்.

‘கேத்தரின் பூ எழுதவில்லையா?’ என்று அடுத்த கேள்வி வரும். மும்பை விமான நிலையத்தை ஒட்டிய அன்னவாடி குடிசைப் பகுதியைப் பற்றி 2012இல் அவர் எழுதிய புத்தகம் நாவலைப் போலத்தான் படிக்கக் கிடைக்கிறது, உண்மை. ஓடுபாதை பழுதுபார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துப்போகப்பட்ட தொழிலாளர்கள் 1991இல் உருவாக்கிய குடியிருப்பு அது. ஆனால் அந்த நாவல் தன்மை எங்கிருந்து வந்தது என்பதைப் புத்தகத்தின் கடைசியில் அவரே எழுதியிருக்கிறார். 2007 நவம்பர் முதல் 2011 மார்ச் வரை அங்கே போய்வந்திருக்கிறார். நடந்தவற்றை எழுத்திலும் ஒலியிலும் காணொளியிலும் பதிவுசெய்திருக்கிறார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பதிவேடுகளைப் பார்த்திருக்கிறார். அவற்றில் பலவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் மனுப்போட்டு வாங்கியிருக்கிறார். புத்தகத்தின் ஓட்டம் அத்தனை சான்றுகளையும் சேர்த்துவிட்டபின் வந்தது. நம் பயிலரங்குகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஓட்டத்தை மட்டும்தான். மனுப் போடும் வேலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஜான் ஹெர்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். அணுகுண்டிலிருந்து தப்பிய ஆறு பேரின் வழியாக ஹிரோஷிமாவைச் சொன்னவர். 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழ் முழுவதும் அந்தக் கட்டுரைக்கே ஒதுக்கப்பட்டது. நாவலின் உத்திகளைச் செய்தி எழுத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்கு அவர்தான் முன்னோடி. அதே ஹெர்சி 1980இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில், பின்னால் வந்தவர்களை நோக்கி விரல் நீட்டினார்: செய்தி எழுதுகிறவனுக்குப் புனிதமான விதி ஒன்றே ஒன்றுதான், எதையும் இட்டுக்கட்டக் கூடாது. அந்தப் பாணியைத் தொடங்கிவைத்தவரே கொடுத்த எச்சரிக்கை நம் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை.

நம் ஊரில் இதன் விளைவைச் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையில் பார்க்கலாம். கல்கி 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை எழுதினார். நாவல் என்று சொல்லித்தான் எழுதினார். அவர் மீது எந்தக் குறையும் இல்லை. அந்தக் கொலையோடு நாவல் பின்னும் நந்தினி அவருடைய கற்பனை. ஆனால் சோழர் வரலாறு என்ற பெயரில் இன்று வரும் புத்தகங்களிலும் காணொளிகளிலும் நந்தினியின் நிழல் எங்காவது ஒரு மூலையில் விழுந்துவிடுகிறது. இந்தக் கொலை பற்றிய முக்கியச் சான்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று குற்றவாளிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்ததைப் பற்றிப் பேசுகிறது. கொலைக்கும் இந்த நடவடிக்கைக்கும் இடையில் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கடந்துபோயிருக்கிறது. அத்தனை காலம் ஏன் தண்டனை இல்லை? நீலகண்ட சாஸ்திரி இந்தத் தாமதத்தைப் பார்த்து உத்தம சோழன் மீது சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்து உத்தம சோழனுக்காக வாதாடினார்.

பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ புத்தகத்தின் முதல் பகுதி 1949இல் வந்தது. தெளிந்த தமிழ். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பில் கல்வெட்டு எண்கள். இருபெரும் அறிஞர்கள் சில வரிக் கல்லெழுத்தின் மீது நடத்திய அந்த வழக்கை, அடிக்குறிப்புகளோடு சேர்த்தே இன்றைய வாசகருக்குச் சொன்னால் அதில் விறுவிறுப்பு குறையுமா? எது தெரியும், எது தெரியாது, எந்த இடத்திலிருந்து ஊகம் தொடங்குகிறது என்று வாசகரையும் கூட உட்கார வைத்து யோசிக்கச் செய்யலாம். இந்தச் சுகத்தை நாவலால் கொடுக்க முடியாது. நாவலாசிரியருக்குக் கொலைகாரன் யார் என்று முன்பே தெரியும்.

கதையின் இன்னொரு கெடுதல், அது ஆளைத் தேடுகிறது. கதை என்றால் நாயகன் வேண்டும். வ.உ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908 மார்ச் 12இல் கைது, சிறையில் செக்கு, விடுதலைக்குப் பின் வறுமை. கதைக்கென்றே வார்த்தது போன்ற வாழ்க்கை. அந்தக் கதையை மேடையும் திரைப்படமும் திரும்பத் திரும்பச் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் பின்னால் போய்விட்டது. கைது நடந்த மறுநாள், மார்ச் 13 அன்று, திருநெல்வேலியில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். நகராட்சி அலுவலகம் எரிந்தது. காவல் நிலையமும் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார், என்ன தொழில் செய்தவர்கள், பிறகு என்ன ஆனார்கள்? நாயகன் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ அரசு ஆவணங்களுக்குள் போய் அவர்களைத் தேடியது. 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது. தலைப்பில் எழுச்சி முன்னால் நிற்கிறது, நாயகன் பின்னால் நிற்கிறார். கதைக்காரர் தலைப்பு வைத்திருந்தால் வரிசை மாறியிருக்கும்.

நாயகன் இல்லாத விஷயங்களோ எழுதப்படாமலே போகின்றன. பொது விநியோகம், மின்வாரியம், பாடநூல் கழகம், ஆரம்ப சுகாதார நிலையம் போன்றவைதான் தமிழ்நாட்டு வாழ்க்கையை உண்மையில் மாற்றியவை. அவற்றைப் பற்றிச் சாதாரண வாசகர் எடுத்துப் படிக்கத் தமிழில் எத்தனை புத்தகம் இருக்கிறது? கேட்டால், ‘அதில் கதை இல்லையே’ என்பார்கள்.

மதிய உணவை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு கதை இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். மாடு மேய்க்கும் சிறுவனைக் காமராஜர் பார்க்கிறார், ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்கிறார், சோறு போடுவியா என்று பையன் திருப்பிக் கேட்கிறான். நல்ல கதைதான், ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். முடித்ததும் விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்து நாம் எழுந்து போய்விடுகிறோம். 1920இலேயே, பிட்டி தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சோறு போடத் தீர்மானித்தது. 1956இல் காமராஜர் அரசு மாநில அளவில் தொடங்கியபோது ஊர்க்காரர்களின் நன்கொடை முக்கியப் பங்கு வகித்தது. பிறகு கேர் என்ற அமெரிக்க அமைப்பின் உணவுப் பொருட்கள் வந்தன. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அரிசி எங்கிருந்து வந்தது? விறகுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? சமைத்தவர் யார்? அவர் சமைத்ததை எந்தத் தெருப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள்? மாடு மேய்த்த சிறுவன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டான். அவனுடைய கதை இவற்றைக் கேட்கவிடாமல் மறித்துக்கொண்டு நிற்கிறது.

இந்த விஷயத்தையே வைத்து, புதிதாக எழுத வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். குறை சொல்லிவிட்டு எழுந்து போவது மறுப்பாகாது.

முதலில் கேள்வியை எழுதுங்கள். ‘மதிய உணவுத் திட்டத்தின் வரலாறு’ என்பது தலைப்பு, கேள்வி அல்ல. ‘மாநகராட்சியின் சில பள்ளிகளோடு நின்ற ஒரு காரியம் எப்படி மாநிலம் முழுவதற்கும் பரவியது, ஆட்சிகள் மாறியும் ஏன் யாராலும் அதை நிறுத்த முடியவில்லை?’ இது கேள்வி. நியூயார்க் நகரைக் கட்டியெழுப்பிய ராபர்ட் மோசஸைப் பற்றி 1974இல் மாபெரும் நூலை எழுதிய ராபர்ட் கேரோ, எழுதத் தொடங்குவதற்கு முன் புத்தகம் முழுவதையும் இரண்டு மூன்று பத்திகளுக்குள் சுருக்கிவிடுவார். அதற்கே வாரக்கணக்கில் ஆகும் என்கிறார். அந்தச் சில பத்திகளை எழுத முடியவில்லையென்றால் உங்களிடம் இன்னும் புத்தகம் இல்லை, தகவல்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஆவணங்களிடம் போங்கள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் இந்தத் திட்டத்தின் மீது நடந்த விவாதங்கள் இருக்கும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய அரசாணைகளை அங்கே தேட வேண்டும். கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய பத்திரிகைகளுக்கு. அன்றைய கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ‘நினைவு அலைகள்’ என்று தன் வரலாறு எழுதியிருக்கிறார். அதைப் படித்தே ஆக வேண்டும். அதை மட்டும் நம்பிவிடவும் கூடாது, திட்டத்தை நடத்தியவரே எழுதியது அது. சமீப கால விவரங்களுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வரவில்லையென்றால் மேல்முறையீடு செய்யுங்கள். ‘தகவல் இல்லை’ என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு அரசாங்கம் எதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை என்பதும் செய்திதான்.

குறிப்பெடுப்பதில் ஒரே ஒரு ஒழுங்கு போதும். எந்தத் தகவலை எழுதினாலும், அது எங்கிருந்து வந்தது என்பதை அதே நொடியில் பக்க எண்ணோடு, கோப்பு எண்ணோடு எழுதிவிடுங்கள். படம் எடுக்க அனுமதி இருக்கும் இடத்தில் முதலில் கோப்பின் மேலட்டை, பிறகு உள்ளே இருக்கும் தாள்கள் என்று வரிசையாக எடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட அடிக்குறிப்பைப் பிறகு தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போய்விடும். தேடிக் கிடைக்காத அடிக்குறிப்புதான் பெரும்பாலும் ‘சொல்லப்படுகிறது’ என்ற சொல்லாக மாறிப் புத்தகத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

மூன்றாவது, ஆட்களிடம் போங்கள். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊருக்கு ஊர் ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். ‘அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது அம்மா?’ என்று கேட்டால், இதற்கு முன் கேட்டவர்களுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்வார்கள். எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைத்தீர்கள், அரிசி எந்த அளவையில் அளந்து வந்தது, பருப்பு தீர்ந்துபோனால் என்ன செய்தீர்கள், முட்டை வந்த நாளில் வருகைப் பதிவேடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். செய்த வேலையைப் பற்றிய நினைவு மனிதர்களுக்குத் தெளிவாக இருக்கும். வருடங்கள் பிசகும், அவற்றை ஆவணத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டாம் முறை போங்கள். முதல் முறை சொல்லத் தயங்கியது அப்போதுதான் வெளியே வரும். பெயரை வெளியிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, வாசகர் மனதில் அடுத்தடுத்து எழும் சந்தேகங்களின் வரிசையில் அத்தியாயங்களை அடுக்குங்கள். ‘திட்டம் வந்தது’ என்று படித்தவர் ‘பணம்?’ என்று கேட்பார். அடுத்த அத்தியாயம் பணம். ‘பணம் வந்தது, ஆனால் பிள்ளைகள் உண்மையில் வந்தார்களா?’ என்பார், அடுத்தது வருகைப் பதிவேடு. வருட வரிசை வசதியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் இல்லை. சான்று நின்றுபோகும் இடத்தில் நின்றுபோனது என்று எழுதுங்கள். வாசகர் அதற்காகப் புத்தகத்தை மூடிவிட மாட்டார். மற்ற பக்கங்களையும் நம்பிப் படிப்பதற்கு அதுதான் அவருக்குக் காரணமாகும்.

காட்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓரணா என்ற தொகையே ஒரு காட்சிதான். ஆதாரம் இருக்கும் காட்சியைத் தாராளமாக எழுதுங்கள். எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைத்தார் என்று கேட்டுவைத்தவருக்கு அது தானாகவே அமையும். புத்தகம் முழுவதையும் ஒரே கதையாக உருட்டித் தர வேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் எதிர்க்கிறேன்.

ஐந்தாவது, புத்தகத்தின் பின்பகுதி. சான்றுக் குறிப்பு, காலவரிசை, சொல்லடைவு. இவற்றைச் சேர்த்தால் ஒரு ஃபாரம் கூடும், விலை ஏறும், வாசகர் மிரண்டுவிடுவார் என்று பதிப்பகத்தில் சொல்வார்கள். பதினாறு பக்கத்துக்காகப் புத்தகத்தின் ஆயுளை விட்டுக்கொடுக்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓலைச்சுவடிகளோடு போராடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் தன் பதிப்புகளில் அரும்பத அகராதியும் அகராதி வரிசையில் குறிப்புகளும் சேர்த்தார். கணினி வைத்திருக்கும் நமக்கு ஒரு சொல்லடைவு பெரிய சுமையா?

கடைசியாக, கையெழுத்துப் பிரதியை உங்களைப் பாராட்டும் நண்பருக்குக் கொடுக்காதீர்கள். விஷயம் தெரிந்த, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘யார் சொன்னது?’ என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லாத வாக்கியங்களை வெட்டுங்கள். முந்நூறு பக்கம் நூற்றைம்பது ஆனால் ஆகட்டும். பக்கத்தைக் கூட்டுவது, பக்கத்தைப் பார்த்து நூலக ஆர்டர் வாங்கிய காலத்துப் பழக்கம், உங்களுக்கு எதற்கு?

இனி, விற்பனை. கதை போல எழுதினால்தான் விற்கும் என்கிறார்கள். கதையாகக் கேட்க விரும்புகிறவருக்கு இன்று கைபேசியில் காசில்லாமல் ஆயிரம் பேர் சொல்கிறார்கள், இசையோடும் படத்தோடும். அந்தப் போட்டியில் புத்தகம் ஜெயிக்காது. காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறவருக்கு வேண்டியது, அங்கே கிடைக்காத ஒன்று: திரும்பப் புரட்டிச் சரிபார்க்கக்கூடிய, மேற்கோள் காட்டக்கூடிய, தன் அடுத்த தேடலுக்கு வழிகாட்டக்கூடிய அறிவு. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ புத்தகத்தில் கதை என்று ஒன்றும் கிடையாது. இன்று இல்லாத நூல்களைப் பற்றிய தகவல்களை, உரைகளிலும் மேற்கோள்களிலும் இருந்து பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு. அவர் மறைந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அது மறுபதிப்பு காண்கிறது. பண்டாரத்தாரும் அப்படித்தான், ‘அழகர் கோயி’லும் அப்படித்தான். ஒரு ஜனவரியில் ஆயிரம் பிரதி போய்விட்டு அடுத்த ஜனவரியில் பெயர்கூட நினைவில்லாத புத்தகங்களோடு இவற்றை ஒப்பிட்டுவிட்டு, விற்பனை என்றால் என்ன என்று பதிப்பாளர்கள் சொல்லட்டும்.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பதை மறைக்கப் போவதில்லை. வேங்கடாசலபதி ‘வ.உ.சி. கடிதங்க’ளைப் பதிப்பித்தது 1984இல், பதினேழு வயதில். விருது பெற்ற புத்தகத்துக்கும் அதற்கும் நடுவில் நாற்பது வருடத் தேடல் இருக்கிறது. எல்லாருக்கும் நாற்பது வருடம் வேண்டாம். மூன்று வருடம் ஒதுக்க முடிந்தால் ஒரு நல்ல புத்தகம் எழுதலாம். அதற்கும் பொறுமை இல்லாதவர் நாவல் எழுதப் போகலாமே என்று தோன்றும். அங்கேயும் வழியில்லை. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதுவதற்குத் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய், அங்கே வேலை செய்தவர்களிடம் பேசி, அவர்கள் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினார். எதையும் கற்பித்துக்கொள்ள உரிமை உள்ள நாவலாசிரியரே உப்பளத்துக்குப் போனார். அந்த உரிமை இல்லாதவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ‘அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை’ என்று எழுதுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?